எக்ஸ்ரே அறைக்காரருக்குக் கிடைத்த இடம்

அன்பின் உறைவிடமே! அஞ்சியோர்க்கு ஆறுதலே! கலங்கிய கண்களுக்கும் நடுங்கிய கரங்களுக்கும் கலங்காத் துணையாய் நின்ற எங்கள் தலைமைச் செவிலியரே, பெரியக்காவே, வணக்கம்.

முப்பதாண்டுக்கும் மேலாக முகம் கோணாமல், மனம் சலிக்காமல், நோயுற்றோர் நலமே நினைவாய் உழைத்தீர்கள். நல்ல செவிலியர் பலரும் அப்படித்தான் உழைக்கிறார்கள். நீங்களோ கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு, பெற்ற பிள்ளைகளே கேட்கக் கூசும் கேள்வியைக் கேட்டீர்கள்: "உங்களால பேச முடியாமப் போனா, உங்களுக்காக யாரு பேசணும்?" கடைசிக் காலத்தில் வென்டிலேட்டர் வேண்டுமா, வேண்டாமா, வீட்டில் இருக்க ஆசையா என்பதை அவரவர் வாயாலேயே சொல்லவைத்து, தமக்காகப் பேசப்போகிறவர் பெயரோடு விருப்பப் பத்திரமாக எழுதிக்கொள்ள உதவினீர்கள். "இது கல்வெட்டு இல்லீங்க, மனசு மாறினா மாத்திக்கலாம்" என்று நீங்கள் சொன்ன பிறகுதான் பலருக்குத் தூக்கமே வந்தது.

எங்கள் எல்லோர் பெயராலும் இந்தப் பணி ஓய்வு வாழ்த்துமடலை எழுதும் பொறுப்பு, உங்களுக்கு அடுத்த நிலையில் இருக்கும் சின்னக்காவின் தலையில் விழுந்தது. அவர் உங்கள்மீது பொறாமை கொண்டவர் என்பது வார்டு அறிந்த செய்தி. ஊசி போட்டவர் அவர். நோயாளிகள் தேடியது உங்களை. அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டார். ஆனால் சென்ற மாதம் தேநீர் வேளையில், உங்களுடைய பத்திரத்தையும் எழுதி முடித்துவிட்டதாகச் சொன்னீர்கள். உங்களுக்காகப் பேசப்போவது தான்தான் என்று, கடித்த பிஸ்கட்டை மெல்லாமல் காத்திருந்தார் சின்னக்கா. நீங்கள் சொன்னதோ எக்ஸ்ரே அறைக்காரரை.

நாள் முழுக்க "மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க" என்பதைத் தவிர அதிகம் பேசாதவர் அவர். நீங்கள் காய்ச்சலில் கிடந்தபோது எட்டிப் பார்த்தாரா? உங்கள் வீட்டு மாற்றுச் சாவி யாரிடம் இருக்கிறது? சின்னக்காவுக்கு வயிறு எரிந்தது. "ஏன்க்கா, நான் இல்லையா உங்களுக்கு?" என்று கேட்டேவிட்டார். நீங்கள் தேநீரை ஆற்றியபடி, "நீ என்னையப் போக விடமாட்டே. அவரு நான் சொன்னபடி செய்வாரு" என்றீர்கள். அதன்பின் ஒரு வாரம் அவர் உங்களிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அந்த வாரத்தில் அவர் சும்மாவும் இருக்கவில்லை. "போதும்மா, கால் ரெண்டும் கெஞ்சுது, இனி வீட்ல இருக்கணும்" என்று நீங்கள் எங்கள் எல்லோரிடமும் சொல்லியிருந்தும், உங்களுக்குப் பணி நீட்டிப்பு கேட்டு நிர்வாகத்துக்கு மனு எழுதினார். உங்களைப் பிரிய மனமில்லாத நாங்களும் வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டோம். எக்ஸ்ரே அறைக்காரர் மட்டும் பேனாவைத் திருப்பிக் கொடுத்தார். "அவங்கதான் வேண்டாம்னு சொல்லிட்டாங்களே" என்றார். கல்நெஞ்சக்காரர் என்று அவரைத் திட்டிவிட்டு வார்டுக்குத் திரும்பும் வழியில்தான், அவரை நீங்கள் எதற்காகத் தேர்ந்தெடுத்தீர்கள் என்பது சின்னக்காவுக்கு உறைத்தது. உறைத்த பிறகும் பொறாமை குறையவில்லை. அவர் செய்ததைத் தன்னால் செய்ய முடியவில்லையே என்று இன்னும் கூடியது.

உங்களுக்கு இன்னும் ஓராண்டு தர நிர்வாகம் சம்மதித்திருந்தது. இன்று காலை சின்னக்கா தானே போய் அந்த மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். வரும்போது அவர் கண்கள் சிவந்திருந்தன.

ஆகவே, பெரியக்காவே, நீங்கள் விரும்பும் காலமெல்லாம், விரும்பிய வண்ணம், நோவின்றி நிறைவோடு வாழ நெஞ்சார வாழ்த்துகிறோம். எங்கள் எல்லோருக்காகவும் இதை எழுதிய சின்னக்கா, தன் பெயரில் ஒரு பத்தி எங்களிடம் கேட்டு வாங்கிக்கொண்டார். அது அவர் வார்த்தையிலேயே இங்கே:

"அக்கா, முதல் பேரு அவரே இருக்கட்டும். அவரு பக்கத்துல இல்லாத நேரத்துக்கு, ரெண்டாவது பேரா என்னைப் போட்டுக்கோங்க. நான் போக விட்டுடுவேன்."

என்றும் உங்கள் அன்பை மறவாத,
எக்ஸ்ரே அறைக்காரர் உள்ளிட்ட
ஊழியர் அனைவரும்