லோரீன் அடுக்குன பிரைமர்

பத்துத் தோட்டாவுல ரெண்டு வெடிக்கலையா? அட, அதுக்கா இப்பிடி மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு இருக்கீங்க தம்பி? என் தொப்பியில துப்பாக்கி கிளப் பேரப் பாத்துட்டுக் கேட்டீங்க பாருங்க, சரியான ஆளத்தான் கேட்டிருக்கீங்க. உக்காருங்க. இந்த மெஷின்ல என் துணி காய இன்னும் அரைமணி ஆகும்.

காலித் தோட்டாவ நீங்களேதான அடைக்கிறீங்க? நல்லது. வெடிக்காதத திருப்பிப் போட்டு அடிச்சா ரெண்டாவது அடியில வெடிக்குதா? ஆங், அதான் விஷயம். பின்னாடி பட்டன் மாதிரி இருக்கே பிரைமரு, மருந்தப் பத்த வைக்கிறது, அது அடிவரைக்கும் போய் உக்காரல. மொத அடி அத உள்ள தள்ளுது, ரெண்டாவதுதான் வெடிக்க வைக்குது. விரலால தடவிப் பாருங்க, ஒரு முடியளவு உள்ள இருக்கணும். குழியில பழைய கரி இருந்தாலும் உக்காராது, சுரண்டிடுங்க.

எனக்கு வந்த சீக்கு வேற தம்பி. ரெண்டாவது அடிச்சாலும் டிக், மூணாவது அடிச்சாலும் டிக். பிப்ரவரில ஆரம்பிச்சது. வியாழக்கிழமை போட்டியில ஆறுக்கு ஒண்ணு வெடிக்காது. வெர்ன் அண்ணே, உங்க துப்பாக்கிக்கு ஜலதோஷமான்னு பசங்க சிரிக்கிறானுங்க. ரிவால்வர் ஸ்பிரிங்க லேசாக்கி வச்சிருந்தேன், அதான் அடி பலமா விழலையோன்னு பழைய ஸ்பிரிங்கயே மாட்டுனேன். பிரைமர் மேல அடிச்ச தடம் நல்லா ஆழமா விழுது, அப்பவும் டிக். கராஜ்ல ஈரமோன்னு பிரைமர் டப்பாவ சமையக்கட்டுக்கு மாத்துனேன். மார்ச்சுல ஆறுக்கு மூணு ஆயிருச்சு.

சரக்குதான் மட்டம்னு முடிவு பண்ணுனேன். பிரைமரெல்லாம் கிளப்புல விக்கிற கார்டெல்கிட்ட வாங்குனது. பழசத் தலையில கட்டிட்டியாடான்னு கிளப்புல எல்லார் முன்னாடியும் கேட்டுப்புட்டேன். இருபது வருஷப் பழக்கம். அவன் காபிக் கப்பக் கீழ வச்சுட்டுப் போயிட்டான். பாவம், அவன் மேல தப்பே இல்ல.

அத எப்பிடிக் கண்டுபிடிச்சேனா? சொல்றேன், அதுக்குத்தான வர்றேன். உங்க வீட்ல பிரைமரத் தட்டுல அடுக்கறது யாரு? நீங்களா? சரி. எங்க வீட்ல லோரீன், என் சம்சாரம். பதினாறு வருஷமா கராஜ் பக்கம் எட்டிப் பாக்காதவ, ஜனவரில வந்து நின்னா. நானும் கத்துக்கறேன் வெர்ன்னா. அப்ப அவ கையில மாவுக்கட்டு. ஐஸ்ல வழுக்கிருச்சுன்னு ஆஸ்பத்திரில சொல்லியிருந்தோம். அந்தக் கையோட வந்து பக்கத்துல உக்காந்தா பாருங்க, எனக்கு மனசு குளுந்துபோச்சு தம்பி. எல்லாம் கோவம் தணிஞ்சு நல்லபடியா ஆயிருச்சுன்னு நெனச்சேன்.

எல்லாம் கேப்பா. இந்தப் பிரைமர எதெல்லாம் கெடுக்கும்பா. எண்ணெய் உள்ள எறங்குனா சில சமயம் செத்துப்போயிரும், பிசுக்குக் கையோட தொடாதேன்னு நான்தான் சொல்லிக் குடுத்தேன். போட்டி முடிஞ்சு வந்தா வாசல்லயே நிப்பா. இன்னிக்கு எத்தன வெடிக்கல வெர்ன்பா. அக்கறைல கேக்குறான்னு ஒண்ணுவிடாம சொல்லுவேன். இன்னிக்கு ஒண்ணு, இன்னிக்கு மூணு.

தையல் மெஷின் எண்ணெய் தம்பி! ஒவ்வொண்ணுலயும் ஒரு சொட்டு விட்டு, நாள் கணக்கா ஊற வச்சு, தொடச்சு, மத்ததோட கலந்து அடுக்கியிருக்கா. எவ்வளவு நாள் ஊறுனா சாகும்னு அவளுக்குத் தெரியணும். நான் கிளப்புக்குக் கொண்டுபோய் சுட்டுப் பாத்துட்டு வந்து கணக்குச் சொல்லியிருக்கேன். என்னை வச்சே பரிசோதனை! கை பழகுனதுக்கப்புறம் படுக்கையறை அலமாரியில இருக்கற ரிவால்வருக்குன்னு ஆறு தோட்டா தனியாச் செஞ்சிருக்கா. நானே அத வாங்கி உள்ள போட்டு வச்சிருக்கேன். ஷெரீஃப் ஆபீஸ் போலீசுக்காரங்க பிரிச்சுப் பாத்துட்டுச் சொன்னப்பத்தான் எனக்கே தெரியும்.

ஷெரீஃப் எதுக்கு வந்தாங்களா? அது ஒண்ணுமில்ல தம்பி, ஏப்ரல்ல ஒரு ஞாயித்துக்கிழமை, சர்ச்சுக்குப் போயிட்டு வந்து பெட்டியக் கட்டுறா. பொகடெல்லோவுல தங்கச்சி வீட்டுக்குப் போறேன், திரும்ப வரமாட்டேன்னா. சும்மா பயமுறுத்தலாம்னுதான் ரிவால்வர எடுத்தேன். எடுத்துட்டு அமுக்கிட்டேன். ஆறு தடவ.

ஆறும் டிக். அவ அசையல. கண்ணக்கூட மூடல தம்பி, எண்ணிக்கிட்டு நின்னா. ஆறாவது ஆனதும் பெட்டியத் தூக்கிக்கிட்டு என்னைத் தாண்டிப் போயிட்டா.

பதினாறு வருஷம் ஒண்ணா வாழ்ந்திருக்கோம். ஜனவரிலயே என்னைப் பத்தி அப்பிடி நெனச்சிருக்கா பாருங்க.