நாற்பத்தோராம் அறையில் சும்மா நின்றவள்

அவைக்கு அழகு சேர்த்து அமர்ந்திருக்கும் தலைவர் வுகோசாவ் அவர்களே! பழுதுபட்ட விசைப்பலகையைப் பார்த்த மாத்திரத்தில் பச்சைப்பிள்ளையைப் போல மடியில் கிடத்திக்கொள்ளும் பண்பாளரே! முன்வரிசையில் முகம் மலர வீற்றிருக்கும் பெரியோர்களே! வீட்டுக்கு ஒன்றே ஒன்றாய் இருந்த தொலைக்காட்சிப் பெட்டியை எங்கள் ஆட்டத்துக்காக விட்டுக்கொடுத்த தியாகிகளே! "செய்தி நேரமாச்சு, எந்திரிங்க!" என்று குரல் கொடுத்து, மூன்று மணி நேரம் நாங்கள் முட்டி மோதிச் சேர்த்த மதிப்பெண்களை முகம் சுளிக்காமல் அணைத்துப் போட்ட அன்னையரே! ஏழரை மணிச் செய்தி என்றால் எங்களுக்கு ஏழரை என்றே பொருள் என்பதை அன்றே கற்பித்தவர்கள் நீங்கள் அல்லவா! கிகிண்டாவிலிருந்தும் சோம்போரிலிருந்தும் பழைய இதழ்களை மார்போடு அணைத்து, மழைக்கும் மடக்காமல் கொண்டுவந்து சேர்த்திருக்கும் நண்பர்களே! உங்கள் அனைவருக்கும் நம் ஸ்ரெனியானின் பழைய கணினி ஆட்ட நண்பர்கள் சங்கத்தின் சார்பில், தலை தாழ்ந்த வணக்கத்தைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

தலைவர் எனக்குப் பதினைந்து நிமிடம் தந்திருக்கிறார். என்ன தலைவரே? பத்தா? சரி, பத்தே போதும். ஆனால் அது நம் பழைய இயந்திரத்தின் பத்து நிமிடம். ஓர் ஆட்டம் நாடாவிலிருந்து ஏறி முடிவதற்குள் ஒரு காப்பி ஆறிப்போகும் என்பது நீங்கள் அறியாததா?

நண்பர்களே! இந்தச் சங்கத்தில் நான் யார்? சென்ற இலையுதிர்காலம் வரைக்கும் நான் யார்? காப்பி ஊற்றுகிறவள்! திஹோமிரின் மனைவி! சனிக்கிழமை தோறும் என் கணவர் ஆட வருவார். நான் அடுப்படியில் நிற்பேன். அவ்வளவுதான் நான்!

அப்படி ஒரு சனிக்கிழமையில்தான், "ஒவ்வொருவரும் எழுந்து உங்களுக்குப் பிடித்த ஆட்டவகை எதுவென்று சொல்லுங்கள்" என்றார் தலைவர். எழுந்தார் நம் ஸ்ரேத்தன். பேருந்து ஓட்டுகிறவர், முப்பதுக்கு மேல் முள் நகர்ந்து யாரும் கண்டதில்லை. அவர் சொன்னார், கார்ப் பந்தயம்! அரங்கமே அதிர்ந்தது. "உன் பஸ்ஸுல ஏறுனா நத்தை கூட டாட்டா காட்டிட்டுப் போவுது, உனக்குப் பந்தயமாடா?" என்று கேட்டார் லியூபிஷா. அந்த லியூபிஷா யார்? ஊரறிந்த இறைச்சிக்கடைக்காரர், ஒரே வெட்டில் ஒரு தொடையைத் துண்டாக்குகிறவர். அவருக்குப் பிடித்தது எது? சுடும் ஆட்டமா? வாள் வீசும் ஆட்டமா? இல்லை! எழுத்து ஆட்டம்! 'கதவைத் திற', 'விளக்கை எடு' என்று விரல் நோகத் தட்டி விளையாடுவது! "ரத்தத்தைத் தினமும் பாக்குறேன்யா, சாயங்காலம் கொஞ்சம் அமைதியா கதை படிக்கக் கூடாதா?" என்றார் பாவம்.

யாரது பின்வரிசையில், கால்பந்து ஆட்டம் என்று கத்துவது? தம்பி, உங்களுக்கும் நேரம் வரும், அமருங்கள்!

வரிசை முடிந்து, காப்பித் தட்டோடு நின்ற என்னிடம் தலைவர் திரும்பினார். "நீ சொல்லும்மா தேசங்கா, உனக்கு என்ன ஆட்டம் புடிக்கும்?" "எனக்கு எதுவும் புடிக்காதுங்க" என்றேன். சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் நண்பர்களே, அது பொய். முப்பத்தாறு ஆண்டுகளாக நான் சொல்லிவந்த பொய்!

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தேழு. எனக்குப் பதினைந்து வயது. அப்பா ஜெர்மனியில் கட்டட வேலை முடித்து வரும்போது ரப்பர் விசை வைத்த சின்னக் கணினி ஒன்றைத் துணிகளுக்கு நடுவே சுருட்டிக் கொண்டுவந்தார். ஆட்டத்தை யார் வாங்கினார்கள்? வானொலியில் அல்லவா வந்தது! கீச்சு கீச்சென்று அலறும் அந்த ஓசைதான் கணினிக்கு ஆட்டம்; அதை ஒலிநாடாவில் பிடிக்க, வீட்டில் ஒருவரையும் தும்மவிடாமல் காவல் காத்தோமே, மறந்துவிட்டீர்களா? அப்படிப் பிடித்த ஆட்டம்தான் 'ஏழு கிணறுகள்'. தாவும் ஆட்டம். அறுபது அறைகள். நாற்பத்தோராம் அறையில் ஒரு பள்ளம். தாவினால் விழுவோம், ஓடினால் விழுவோம். நாடு முழுக்க விழுந்துகொண்டிருந்தது!

ஒரு ஞாயிறு நண்பகல். அதே பள்ளத்தின் விளிம்பில் நிற்கிறேன். "சூப்பு ஆறுது, வாடி" என்று அம்மா அழைக்கிறார். விசையிலிருந்து கையை எடுத்துவிட்டுப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தேன். திரையிலிருந்து மணியோசை. ஒருமுறை. இருமுறை. மும்முறை. கரண்டியோடு திரும்பிப் பார்க்கிறேன். பள்ளத்தின் மேல் ஒரு பாலம்! ஓட வேண்டாம், தாவ வேண்டாம். சும்மா நின்றால் போதும்! அன்று மாலைக்குள் ஏழாம் கிணற்றை எட்டிவிட்டேன்.

எட்டியவள் சும்மா இருந்தேனா? நாமெல்லாம் உயிராய்ப் படித்த 'விசை' மாத இதழுக்குக் கடிதம் எழுதினேன். மறுமாதம் பதில் வந்தது. ஆசிரியர் எழுதியிருந்தார்: "ஸ்ரெனியானின் செல்வி தேசங்கா குர்யாக்கோவ் அவர்களுக்கு. சும்மா நின்றால் பாலம் வருமாம்! ஆறே இல்லாத இடத்தில் பாலம் வைத்திருக்கும் ஊர்க்காரர் அல்லவா, வேறெப்படிச் சொல்வார்? அந்த அறையைக் கடக்கவே முடியாது, ஆட்டத்திலேயே பிழை. நாங்கள் சோதித்துவிட்டோம். அடுத்த முறை அண்ணனைக் கேட்டு எழுதவும்."

எனக்கு அண்ணனே கிடையாது!

திங்கட்கிழமை பள்ளிக்குப் போனேன். வகுப்பே எழுந்து நின்றது, ஒருவரும் அசையவில்லை. "என்னடி பாக்குற? பாலம் வருதான்னு சும்மா நிக்கிறோம்!" என்றாள் பக்கத்து இருக்கைக்காரி. படிப்பு முடியும் வரைக்கும் எனக்குப் பெயர் 'சும்மா நின்னவ'. சிரிக்கிறீர்கள், இன்றைக்கு நானும் சிரிக்கிறேன். அன்று சிரிக்க முடிந்ததா? வீட்டுக்கு வந்து கணினியைச் சித்தி மகனுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டேன். 'விசை' இதழை அதன்பின் தொட்டதில்லை. மணமான பின்னும் கணவரிடம்கூட மூச்சு விட்டதில்லை.

இனி அந்த இலையுதிர்காலச் சனிக்கிழமைக்கே திரும்புகிறேன். பிடித்த வகைகளைப் பேசி முடித்ததும், லியூபிஷா ஒரு பெட்டியைத் திறந்தார். 'விசை' இதழ்கள்! வாசனை பார்த்தார்கள், வரைபடங்களை விரித்தார்கள், ஆளுக்கொன்றாய் எடுத்து அடித்துக்கொண்டார்கள். மேசை ஓரத்தில் கிடந்தது பதினான்காம் இதழ். அட்டையைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டேன். என் மானம் அச்சேறிய இதழ் அல்லவா! யாரும் பாராமல் எடுத்தேன், நாற்காலியில் போட்டேன், அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டேன்.

"பதினாலு எங்கய்யா? பதிமூணு இருக்கு, பதினஞ்சு இருக்கு, பதினாலக் காணோம்!" என்று குனிந்து குனிந்து தேடுகிறார் லியூபிஷா. "நீ சாசேஜ் சுத்திக் குடுத்திருப்ப!" என்கிறார் ஸ்ரேத்தன். நான் ஆடாமல் அசையாமல் அமர்ந்திருக்கிறேன்.

தேடிக் களைத்தவர், பதினாறாம் இதழை எடுத்து வாசகர் கடிதங்களை உரக்கப் படிக்கத் தொடங்கினார். ஒன்று படித்தார், இரண்டு படித்தார். மூன்றாவதாக இதைப் படித்தார். "சோம்போரிலிருந்து ஸ்லாதோமிர் எழுதுவது. ஸ்ரெனியானின் தேசங்கா குர்யாக்கோவ் சொன்னது உண்மை. நானும் சும்மா நின்றேன். மும்முறை மணி அடித்ததும் பாலம் வந்தது. நீங்கள்தான் ஒரு நிமிடம்கூடக் கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை." அதன் கீழே ஆசிரியரின் குறிப்பு: "நாங்களும் நின்று பார்த்தோம். பாலம் வந்தது. செல்வி தேசங்காவிடம் மனமார மன்னிப்புக் கேட்கிறோம். அவருக்கு ஓர் ஆட்டப்பிடி, அதாவது ஜாய்ஸ்டிக், பரிசாகக் காத்திருக்கிறது, முகவரி அனுப்பவும்."

நண்பர்களே! என் கையிலிருந்த காப்பி ஸ்ரேத்தனின் காற்சட்டையில் கொட்டியது. என் கணவர் திரும்பினார். "குர்யாக்கோவா? உங்கப்பா வீட்டுப் பேருல்ல அது?" நான் எழுந்தேன். எழுந்ததும் நாற்காலியில் பதினான்காம் இதழ்! லியூபிஷா அதைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார்.

"கல்யாணமாகி இருபத்தாறு வருசம்! ஒரு வார்த்தை சொல்லலியே நீ?" என்றார் திஹோமிர்.

"நீங்க கேக்கல."

"'நீ ஏழு கிணறு முடிச்சியா'ன்னு எந்தப் புருஷன்யா பொண்டாட்டிகிட்ட கேப்பான்!"

சிரிப்பு அடங்கியதும், ஈரக் காற்சட்டையோடு நின்ற ஸ்ரேத்தன் சொன்னார்: "அக்கா, வாயால யார் வேணா பாலம் கட்டலாம். மெஷினு இங்க இருக்கு, டேப்பு இங்க இருக்கு."

ஆடினேன். அன்று இரண்டாம் அறையிலேயே விழுந்தேன். மூக்குக் கண்ணாடி இல்லாமல் திரை தெரியவில்லை. கண்ணாடி போட்டால் விசை தெரியவில்லை. அடுத்த சனி, ஒன்பதாம் அறை. அதற்கடுத்த சனி, இருபத்திரண்டு. காப்பியை யார் ஊற்றினார்கள்? திஹோமிர் ஊற்றினார்! அதைக் குடித்தவர்களின் பொறுமையை இந்த மேடையில் பாராட்டாமல் போனால் நான் நன்றி கெட்டவள்! ஆறாவது சனிக்கிழமை பிற்பகல் மூன்றே கால் மணி. நாற்பத்தோராம் அறை. எனக்குப் பின்னால் பத்தொன்பது பேர். விசையிலிருந்து இரு கைகளையும் எடுத்தேன், மடியில் வைத்தேன். "தாவுக்கா! செத்துருவக்கா!" என்று அலறினார் ஸ்ரேத்தன். "வாய மூடுடா, அவ நிக்கிறா!" என்றார் என் கணவர். மணி அடித்தது. ஒன்று. இரண்டு. மூன்று.

பாலம் வந்தது.

அறுபதாம் அறையில், ஏழாம் கிணற்றடியில், ஒரு சின்ன உருவம் தொப்பியைக் கழற்றி எனக்கு வணக்கம் வைத்தது. ஆட்டத்தின் முடிவில் அவ்வளவுதான் இருக்கிறது. அவ்வளவே போதுமாக இருந்தது. 'விசை' இதழ் நின்றுபோய்ப் பல காலமாகிறது. ஆட்டப்பிடிக்கு நான் எங்கே போவேன்? லியூபிஷா கடைக்கு ஓடினார். மிளகாய் மணக்கும் தொத்திறைச்சிச் சரம் ஒன்றைக் கொண்டுவந்து மாலையாக என் கழுத்தில் போட்டார். பூமாலை வாடும், இந்த மாலையை ஒரு வாரம் சாப்பிட்டோம்!

அந்த ஸ்லாதோமிரைத் தேடிப் பிடித்தேன். சோம்போரில் கால்நடை மருத்துவராக இருக்கிறார். தொலைபேசியில் கேட்டேன்: "முன்பின் தெரியாத என்னைய எப்படிங்க நம்புனீங்க?"

"நம்பவா? சுத்தப் பொய்யின்னுதான் நெனச்சேன்!" என்றார். "நீ பொய் சொல்றேன்னு நிரூபிக்கத்தான் சும்மா நின்னேன். பாலம் வந்துருச்சு. ரெண்டு நாள் சோறு எறங்கல எனக்கு. அப்புறம், பாத்தத எழுதாம இருக்க முடியுமா, சொல்லு?"

எப்பேர்ப்பட்ட நேர்மை, நண்பர்களே! என்னை நம்பாதவர்தான் என்னைக் காப்பாற்றியிருக்கிறார். நம்பிக்கையால் அல்ல, நின்று பார்த்ததால்! இன்று அவரும் வந்திருக்க வேண்டும். காலையில் ஒரு பசு கன்று ஈனத் தொடங்கிவிட்டதாம். தமக்குப் பதிலாகத் தம் பழைய இதழ்கள் பத்தொன்பதைத் தீவனச் சாக்கில் கட்டிப் பேருந்தில் ஏற்றி அனுப்பியிருக்கிறார். சாக்கின் மணம் இதழ்களிலும் இருக்கிறது, பொறுத்தருளுங்கள்!

ஒன்றை மட்டும் எண்ணிப் பாருங்கள். என்னைப் பழித்த தீர்ப்பு இரண்டே மாதத்தில் திருத்தப்பட்டது. தண்டனையை மட்டும் நான் முப்பத்தாறு ஆண்டு அனுபவித்தேன். ஏன்? பதினாறாம் இதழை நான் வாங்கவில்லை! குற்றம் ஆசிரியருடையது மட்டுமா? கோபத்தில் கதவைச் சாத்தியவள் நானும்தானே? ஆகவே கேட்கிறேன்: உங்கள் பரணில் எந்த இதழ் உறங்குகிறது? அதில் யாருடைய பெயர் காத்திருக்கிறது? நீங்கள் அடுப்பெரிக்கப் போகிற ஒரு பக்கத்தில் எவருடைய மானம் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது? எரிக்காதீர்கள்! எடைக்குப் போடாதீர்கள்! எடுத்து வாருங்கள்! இங்கே விரியுங்கள்! உரக்கப் படியுங்கள்! ஒருவர் வந்து 'நான் முடித்தேன்' என்றால், 'பொய்' என்று சொல்லும் முன், ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம், நின்று பாருங்கள்!

லியூபிஷாவின் பெட்டியில் இருந்த இருபத்தோராம் இதழில் ஒரு கேள்வி இருக்கிறது. கேட்டவர் கிகிண்டாவைச் சேர்ந்த யெலிசவேத்தா. "'பனிக்கோட்டை' ஆட்டத்தின் மேல்மாடத்தில் மாட்டிக்கொண்டேன், வெளியே போக வழி உண்டா?" ஆசிரியரிடம் அதற்குப் பதில் இல்லை. பின்வந்த எந்த இதழிலும் இல்லை. கடந்த மூன்று சனிக்கிழமைகளாக நாங்கள் ஆடிப் பார்த்தோம். கிகிண்டாவிலிருந்து வந்திருப்பவர்களே, அவரை யாருக்காவது தெரிந்திருந்தால் சொல்லிவிடுங்கள்: வழி உண்டு, இடப்பக்கச் சுவரைத் தள்ளினால் திறக்கும், அப்பால் படிக்கட்டு இருக்கிறது, நாங்கள் கீழேதான் நிற்கிறோம்.

இவ்வளவு நேரம் செவி தந்த சான்றோர்க்கும், மணியடித்தும் மன்னித்த தலைவர்க்கும், காப்பி ஊற்றும் என் கணவர்க்கும் என் நெஞ்சு நிறைந்த நன்றி. மேசைகள் ஆயத்தம், இயந்திரங்கள் ஆயத்தம்; வாருங்கள், ஆடுவோம். வணக்கம்!