காலமான தங்கையின் ஓவியங்கள்

அந்த விடுதியில் காலை உணவு நன்றாக இருக்கும். அதில் குறை சொன்னால் என் வாய் அழுகிப்போகும். இருநூறு வருடத்துப் பண்ணைவீடு அது. மாடு கட்டிய இடமெல்லாம் இப்போது படுக்கையறை. நடத்தியது என் அக்கா. சுவர் முழுக்க என் ஓவியங்கள், மொத்தம் அறுபத்திரண்டு. கேட்டாள், கொடுத்தேன். கூடப்பிறந்தவளிடம் ஏன் எதற்கு என்று கேட்பார்களா?

மூன்று வருடம் வெளியூரில் இருந்தேன். சுவரில் ஈரம் ஏறிச் சில ஓவியங்கள் வெளிறிவிட்டன, வந்து சரிசெய்துகொடு என்று அக்காதான் கூப்பிட்டாள். நல்ல அறையாகப் பார்த்துத் தங்கவைத்தாள். "இங்க தங்கியிருக்கிறவங்ககிட்ட நீ யாருன்னு சொல்லிக்காதே. பிடுங்கி எடுத்துருவாங்க" என்றாள். என்மேல்தான் எத்தனை அக்கறை என்று பூரித்துப்போனேன். நான் அந்த ரகத்து முட்டாள்.

இரண்டாம் நாள் காலை, கூடத்து ஓவியத்தில் வானத்தைச் சரிசெய்துகொண்டிருந்தேன். அங்கே தங்கியிருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் காபியோடு என் பின்னால் வந்து நின்றார்.

"தப்பா நினைக்காதீங்க, அவங்க கை மாதிரி வரலை" என்றார். "போய்ச் சேர்ந்தவங்க கை மத்தவங்களுக்கு எப்படி வரும்?"

"யார் போய்ச் சேர்ந்தது?"

"இதெல்லாம் வரைஞ்சவங்கதான். வீட்டம்மாவோட தங்கச்சி. அந்தம்மா சொல்லச் சொல்ல நாங்க எல்லாரும் அழுதுட்டோம்."

அக்காவிடம் போய்க் கேட்டேன். படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தாள், கையை நிறுத்தவில்லை.

"உயிரோட இருக்கிறவ படத்தைப் பார்த்து எவடி அழுவா? ஜனங்க தேடி வர்றதே அந்தக் கதைக்காகத்தான். நீ என்ன நிஜமாவா செத்துட்டே? போய் வேலையைப் பாரு."

எனக்குக் காய்ச்சல் கண்டால் கண் மூடாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் அவள். அந்த வாயாலேயே மூன்று வருடமாக, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் என்னைக் கொன்றிருக்கிறாள். நெஞ்சு எரிந்தது. அதை உங்களிடம் மறைக்கவில்லை.

போய் வேலையைப் பார்த்தேன். தீ எப்படிப் பிடித்தது என்றுதானே கேட்டீர்கள்? ஆளிவிதை எண்ணெயில் வண்ணம் குழைப்பவர்கள், தூரிகை துடைத்த துணியைச் சுருட்டிப் போடமாட்டோம். கொடியில் விரித்துக் காயவிடுவோம். சுருட்டிக் குவித்தால் உள்ளே சூடு ஏறிக்கொண்டே போகும். சில மணி நேரத்தில் தானாகவே பற்றிக்கொள்ளும். நெருப்புக்குச்சி தேவையில்லை. மறுநாள் காலை என் துணிகளையெல்லாம் சுருட்டித் தானியக் களஞ்சியத்தில் வைக்கோலுக்கு நடுவே வைத்தேன். முப்பது வருடத்தில் அப்படிச் செய்தது அந்த ஒருமுறைதான். நான் கவனமான ஆள்.

களஞ்சியத்துப் பரணில்தான் அக்கா மதியம் ஒரு மணி நேரம் தூங்குவாள். ஏறி இறங்க ஒரே ஒரு மர ஏணி. அவள் கண்ணயர்ந்த பிறகு அதைத் தூக்கிப்போய் வெளியே இருந்த வைக்கோல் போருக்குப் பின்னால் படுக்கவைத்தேன். அத்தனை பழைய ஏணி வீணாக எரிய வேண்டாம் என்று நினைத்தேன்.

புகையைப் பார்த்து எல்லாரும் முற்றத்துக்கு ஓடிவந்தார்கள். பரணின் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அக்கா என் பெயரைச் சொல்லிக் கத்தினாள். "அதோ நிக்கிறா பாருங்க, அவதான் என் தங்கச்சி. ஏணியைக் கொண்டு வாடி" என்றாள். மற்றவர்கள் ஏணி தேடி ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். ஆசிரியை மட்டும் திரும்பி என்னைப் பார்த்தார்.

"தங்கச்சியா? நீங்களா?"

"ஆமாம்" என்றேன். அந்த நிம்மதியை உங்களுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

எனக்கு அக்காமேல் அப்போது கோபமே இல்லை. தங்கச்சி, தங்கச்சி என்று நாலு தடவை கூப்பிட்டாள், அத்தனை பேர் காதிலும் விழும்படி. ஐந்தாவது தடவையும் கேட்டுவிடலாம் என்று காத்திருந்தேன். அவள் கூப்பிடவில்லை. அதற்குப் பிறகுதான் ஏணி இருக்கும் இடத்தைச் சொன்னேன்.