ஒண்ணாம் நம்பர் திரை

ஹலோ... ஹலோ, டெல்வினா? ...ஏலே மக்கா, மைனி பேசுதேன். பிரிஜா மைனி. ...ஆமா, ஆமா. கேக்குதா? என்ன ஒரே இரைச்சலு? ...பஸ்ஸிலயா? கோட்டாறு கம்ப்யூட்டர் கடையில இல்லியா நீ? ...தக்கலைக்கா? செரி, செரி, எங்க வேணும்னாலும் போ, போன மட்டும் வச்சிராத. கம்ப்யூட்டரு வரமாட்டேங்குது மக்கா.

...கறண்டு இருக்குலே. காலத்த போச்சு, பொறவு வந்துட்டு. வந்த பொறவு போட்டா ஒண்ணும் இல்ல. கருப்பு. ...ஓடுது, உள்ள காத்தாடி சுத்துத சத்தம் கேக்கு. 'பீப்'னு ஒரு தடவ கத்திச்சு. அவ்வளவுதான், பொறவு ஊமை.

...பதறாத பதறாதன்னா எப்படிலே? இண்ணைக்கு வெள்ளிக்கிழமைல்லா. மறந்துட்டியா? ஒங்க அண்ணன் இண்ணைக்குத்தான... ஆமா. மீன் போட்டுக்கார அரபி தொழுகைக்குப் போற நேரத்துல நெட்டு கடைக்கு வந்து, எனக்க மொகத்த ஒரு தடவ பாத்துட்டு, ஆறு பேருமா எம்பசிக்கு ஓடணும். பாஸ்போட்டும் அவன்கிட்ட, போனையும் புடுங்கி வச்சிருக்கான். அவிய கூட நான் பேசுததுக்கு இந்தப் பெட்டி ஒண்ணுதானே உண்டு? நான் இதுல இல்லன்னா, ஏதோ கொழப்பம்னு நெனச்சு அப்படியே போட்டுக்குத் திரும்பிருவாவ. பின்ன எப்பம் கரையில எறக்குவான்னு யாருக்குத் தெரியும்?

...புடிச்சா என்ன ஆவும்னு நான் சொல்லணுமா ஒனக்கு? ராகேலுக்க மவன நெனச்சுப் பாரு. போட்டுல மீன திருடிட்டு ஓடுனான்னு கேசு போட்டு உள்ள தள்ளிட்டானுவ. மீன் புடிக்கப் போனவன் மீன திருடுனானாம். ...ம்ம். ...ம்ம். செரி. அழல்ல. சொல்லு, என்ன செய்யணும்?

...கீபோடா? வலது பக்கம் மேல... நம்லாக்கு. அமுத்துனேன். ...லைட்டு எரியுது. ...இன்னொருக்கா அமுத்துனா அணையுது. ...உயிரு இருக்கா? எனக்க மாதாவே, அது போதும். பின்ன ஏன் கண்ண மூடிட்டு கெடக்கு?

...அணைச்சுட்டுப் போடணுமா? இரு. ...போட்டாச்சு. ...டெல்லுன்னு எழுதுன கட்டையா? எங்க இருக்கு... ஆ, இருக்கு. அமுத்திக்கிட்டே நிக்கேன். ...கருப்பு. ...நீலக் கலருலயா வரும்? ஒரு நீலமும் வரல்ல. மானிட்டருல மஞ்ச லைட்டு மினுங்குது, அவ்வளவுதான். ...ஒயரு இறுக்கமாத்தான் இருக்கு, ஆட்டிப் பாத்துட்டேன்.

...உள்ள போயிருக்குமா? எதுக்குள்ள? ...செட்டப்புக்குள்ளயா? அப்பம் அது தொறந்துதான் கெடக்கு, எனக்குத்தான் தெரியல்லன்னு சொல்லுதியா? இதென்னலே, கண்ணைக் கட்டிட்டு மீன் அறுக்கச் சொல்லுத மாதிரி இருக்கு. பெரிய இன்ஜினியருன்னு ஒங்க அம்மை ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியுதாவ.

...செரி, செரி, கோவிக்காத. மறுபடியும் அணைக்கேன். ...இந்த தடவ டெல்லு வேண்டாம். எஃப் ஒண்ணு. ...அமுத்திட்டேன். ...கருப்பு. ...கருப்புதான் மக்கா. ...இரு இரு. வருது. வருதுலே, விண்டோசு கொடி வருது. ஒனக்கு நூறு ஆயுசு. ஒங்க அம்மை சொன்னது நெசந்தான்.

...மூலையில நேரமா? பாக்கேன். ...இதென்ன, ரெண்டாயிரத்து ரெண்டுன்னு காட்டுது? ...உள்ள ஒரு பேட்டரியா? ஒத்த ரூவா காசு போல உள்ளதா? அது செத்துட்டா? ...அதனாலதான் 'எஃப் ஒண்ணு அமுத்து'ன்னு எழுதி வச்சுகிட்டு நிண்ணுதா? ...எங்கலே எழுதிச்சு? எனக்க கண்ணுக்கு ஒண்ணும் எழுதல்லியே.

...தேதிய மாத்திட்டேன், செரியாச்சு. மெசெஞ்சரும் தொறக்குது. அவிய இன்னும் வரல்ல.

...என்ன கேட்ட? ...முன்னாலயும் அப்படித்தான். வந்த நாளுலேருந்தே, போட்டா கொஞ்ச நேரம் கருப்பா கெடக்கும், பொறவு நேரே கொடி வரும். எல்லா வீட்டுலயும் அப்படித்தான்னு நெனச்சேன். ...இல்லியா?

...டெல்வினு? ...என்ன சொல்லுத? அந்த எழுத்தெல்லாம் வேற எங்கயோ போய் வருதுன்னா?

...வேற மானிட்டரா? இங்க எங்கலே வேற மானிட்டரு? ஒரு மேசை, ஒரு பெட்டி, மேல மாதா படம். டிவி அடுத்த முறியில கெடக்கு, அதுல ஒண்ணும் மாட்டல்ல. ...பேசுது, ஆனா என்கூட பேசல்லன்னா? இதென்ன பேச்சு மக்கா, மேலெல்லாம் புல்லரிக்கு.

...செரி, செய்யேன். வெறும் எடத்துல வலது கிளிக்கு. ...புராப்பர்டீசு. ...கடைசியில செட்டிங்சு. ...ஆ, ரெண்டு கட்டம் இருக்கு. ஒண்ணு, ரெண்டுன்னு நம்பரு போட்டு. ...ரெண்டும் நீலமாத்தான் கெடக்கு, ஒண்ணும் மங்கல்ல. கீழ ஐடென்டிஃபைன்னு ஒண்ணு இருக்கு. ...ஏ, திரை நெறைய பெருசா ரெண்டுன்னு வந்துட்டுல்லா. ...ரெண்டு மட்டுந்தான். ஒண்ணு வரல்ல. ...அமுத்தாதன்னு நீ சொல்லுததுக்கு முன்னாலயே அமுத்திட்டேனே. ஏன் மக்கா? ...அப்பம் அந்த ஒண்ணு எங்க வந்திருக்கும்?

...பொறத்தால பாக்கேன். மேசைய இழுக்கட்டு. ...தூசி. ...கறண்டு ஒயரு. எனக்க மானிட்டரு ஒயரு. நெட்டு ஒயரு மெலிசா, நுனி கண்ணாடி போல இருக்கு. ...அதுக்குக் கூட ஒரு தடிச்ச ஒயரு. கருப்பு. ...நீலத் தலை, ரெண்டு பக்கமும் திருகாணி. அச்சு அசலா மானிட்டரு ஒயரு போலத்தான் இருக்கு. ...புடிச்சுகிட்டே போறேன். நெட்டு ஒயரு கூடயே சேத்துக் கட்டியிருக்கு. கீழ போவுது... செவருல நெட்டுக்கு ஓட்டை போட்டிருக்குல்லா, அது வழியா அந்தப் பக்கம் போவுது.

...அந்தப் பக்கமா?

...கபிரியேல் மாமாக்க ஆபீசு.

...ம்ம்.

...ம்ம். புரியுது மக்கா. பைய பேசு. நானும் பைய பேசுதேன்.

...அவருதானே விசா எடுத்து ஆறு பேரையும் அனுப்புனது. 'மோளே, மாப்பிளைக்க மொகத்த பாக்காண்டாமா'ன்னு சொல்லி இந்தப் பெட்டியையும் அவருதான் கொண்டு வச்சாரு. வாடகைக்கு வீடும் அவருக்கதான், நெட்டும் அவருக்க ஆபீசுலேருந்துதான். நான் அவருக்காவ கோயிலுல மெழுகுதிரி ஏத்தி வச்சேன்லே.

...இதுல தெரியுதது எல்லாம் அங்கயும் தெரியுமா? ...எல்லாமா? ...நேத்து நாங்க எழுதுனதும்? அங்க டிரைவரா உள்ள பொன்னுலிங்கம் அண்ணன் மீன் சந்தை வாசலுல வண்டி கொண்டு நிப்பாருன்னு நான் எழுதுனதும்?

...ராகேலு. டெல்வினு, ராகேலும் இங்க இருந்துதான் மவன்கூட பேசுவா. இந்தக் கசேரியிலதான். என்னைக்கு ஓடப் போறான், எந்த வழியா ஓடப் போறான்னு எல்லாத்தையும் நான்தான் அவளுக்கு டைப் பண்ணிக் குடுத்தேன். எனக்க கையால. ...இல்ல, நீ ஒண்ணும் சொல்லாண்டாம். அந்த நாயி அங்க இருந்து படிச்சுகிட்டு இருந்திருக்கான்.

...இரு, வாசலுல போய் பாக்கேன். ...ஆபீசு பூட்டிக் கெடக்கு. பைக்கும் இல்ல. சாப்பிடப் போயிருப்பான். அப்பம் அந்த ஒண்ணாம் நம்பர அவன் பாக்கல்ல. தப்பிச்சோம்.

...புடுங்கவா? புடுங்கி எறியணும்னுதான் கை துடிக்கு. ஆனா வேண்டாம் மக்கா. வந்து பாத்துட்டு, கருப்பா கெடந்தா அறிஞ்சிருவான். ஒடனே அரபிக்குப் போன் போவும், ஆளு நேரே நெட்டு கடைக்கே வந்துரும். நேத்தே அவன் சொல்லியிருப்பான், கேட்டியா. இப்பம் அந்த மீன் சந்தை வாசலுல ஆளு நிக்கும். அங்கயே நிக்கட்டு.

...ஆமா, அவியளுக்கு வேற எடம் சொல்லணும். எழுதப்பிடாது. மைக்கும் இல்ல, வாயத் தொறந்தாலும் இந்த ஓட்டை வழியா கேக்கும். ...பேப்பருல எழுதிக் காட்டுனா இந்தக் கேமராவுல அவியளுக்குத் தெரியாதுலே. எனக்க மொகமே வெள்ளத்துக்கு அடியில கெடக்குதது போலத்தான் தெரியுதுன்னு அவிய எப்பமும் சொல்லுவாவ.

...இரு. யோசிக்கட்டு.

...டெல்வினு, அலை மோசமா இருந்தா கரையில நிண்ணு நாம என்ன செய்வோம்? துண்ட தலைக்கு மேல சுத்துவோம்லா? 'இந்தக் கரையில அடுக்காத, வேற கரைக்குப் போ'ன்னு. ...அதுதான். அதுக்கு எழுத்து வேண்டாம். எத்தன தடவ கட்டுமரத்துல நிண்ணு அதப் பாத்துட்டு அடுத்த கரையில போய் ஏறியிருக்காவ.

...வேற கரை எதுன்னு அவியளுக்குத் தெரியும். மொதல்ல பேசுனது பள்ளிக்கூடத்துப் பொறத்தால உள்ள ரோடு. அது போன் இருந்தப்பம் வாயால பேசுனது, இந்தப் பெட்டிக்குத் தெரியாது. நீ பொன்னுலிங்கம் அண்ணனுக்குப் போன் போட்டு வண்டிய அங்க கொண்டு போகச் சொல்லு. ...இப்பம் வேண்டாம், அவிய சம்மதிச்சாவளான்னு நான் பாத்துச் சொல்லுதேன், அதுவரை வச்சிராத. ரெண்டு எடத்துலயும் வண்டி இல்லாம நடுத்தெருவுல நிக்கப்பிடாது.

...ஸ்ஸ். பேசாத.

...பைக்கு.

...பூட்டு தொறக்கான். ...கசேரி இழுத்துப் போடுதான். மக்கா, ஓட்டை வழியா வெளிச்சம் மாறுது. அந்தப் பக்கம் மானிட்டர போட்டிருக்கான்.

...வந்துட்டாவ. ஒங்க அண்ணன் வந்துட்டாவ. ...மெலிஞ்சு போயிட்டாவலே. தாடி வச்சிருக்காவ.

...டைப் பண்ணுதேன். 'எல்லாம் நேத்து சொன்ன மாதிரிதான். மீன் சந்தை வாசல். வண்டி நிக்கும்.' ...அனுப்பிட்டேன். படிச்சுக்கோ கபிரியேலு, நல்லா படிச்சுக்கோ.

...எனக்க படம் தெரியுத சின்னக் கட்டத்த மூடிட்டேன். அவனுக்கு என்னைத் தெரியாது. ...எந்திரிச்சு நிக்கேன். துண்டு எடுத்தாச்சு. போன தோளுல இடுக்கியிருக்கேன், சத்தம் சரியா கேக்கல்லன்னா பொறுத்துக்கோ.

...சுத்துதேன்.

...பாக்காவ. ...சிரிக்காவ. எனக்க மாதாவே, நான் களிக்கேன்னு நெனச்சு சிரிக்காவ. ...இன்னொருக்கா. ...மனுஷா, சிரிக்காதேயும். பாரும். கடலுல நிண்ணு பாக்குதது போல பாரும்.

...சிரிப்பு நிண்ணுட்டு.

...குனிஞ்சு கிட்ட வாறாவ. ...நான் நிறுத்தல்ல, சுத்திகிட்டே நிக்கேன். ...பின்னால திரும்பிப் பாக்காவ. 'செரி, சந்தை வாசல்'னு எழுதுதாவ. ஆனா கை... கைய மேல தூக்கி வலத்த சாய்க்காவ. அடுத்த கரைக்குத் திருப்புதேன்னு மரத்துலேருந்து காட்டுவாவல்லா, அதேதான். கபிரியேலுக்கு அது டாட்டா காட்டுதது போலத்தான் தெரியும். புரிஞ்சுட்டு மக்கா. புரிஞ்சுட்டு.

...எந்திரிச்சுப் போயிட்டாவ. வெறும் கசேரி மட்டும் தெரியுது.

...இரு. அந்தப் பக்கம் பேச்சு கேக்கு. ...போனுல. அரைகுறை அரபியில பேசுதான். ...'ஆறு'ங்கான். சந்தைக்க பேரச் சொல்லுதான். ரெண்டு தடவ சொல்லுதான். ...சொல்லட்டு. கூட நாலு ஆளையும் அங்கயே அனுப்பட்டு. இப்பம் நீ பொன்னுலிங்கம் அண்ணனுக்குப் போன்...

...பேச்சு நிண்ணுட்டு.

...கசேரி நகருத சத்தம். அவன் அங்கதான் இருக்கான். ...மக்கா, இந்த ஒயரு அசையுது.

ஆ? ...என்ன மாமா? ...கம்ப்யூட்டரா? ஓடுது மாமா. காலத்த கொஞ்சம் மக்கர் பண்ணிச்சு, அதுவே செரியாச்சு. ...பேச்சு சத்தமா? இல்ல மாமா, யாருகிட்டயும் பேசல்ல. செபமாலை சொல்லிகிட்டு நிக்கேன். ...இங்கயா? எதுக்கு மாமா? ...செரி. வாருங்க.

அருள் நிறைந்த மரியே வாழ்க... கர்த்தர் உம்முடனே... பஸ்ஸ விட்டு எறங்கு... பெண்களுக்குள் ஆசீர்வதிக்கப்பட்டவர் நீரே... பள்ளிக்கூடத்துப் பொறத்தால, சந்தைக்குப் போவாண்டாம்னு சொல்லு... உம்முடைய திருவயிற்றின் கனியும்... ஒங்க அம்மைய இங்க அனுப்பு, ராகேலையும் கூட்டிகிட்டு வரச் சொல்லு, நாலு பெண்ணுவளா வரச் சொல்லு... அர்ச்சிஷ்ட மரியாயே, சர்வேசுரனுடைய மாதாவே... வாசலுல செருப்பு கழத்துதான்... பாவிகளாயிருக்கிற எங்களுக்காக... போன வையி மக்கா... இப்பொழுதும் எங்கள் மரண நேரத்திலும்...