கோபக்காரர் பாடம்

ட்ரெய்னர்: ...கதவைச் சாத்து முதல்ல. உள்ள அத்தனை பேரும் காதைத் தீட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க.

புதுசு: சாத்திட்டேன் மேடம்.

ட்ரெய்னர்: ஸ்பீக்கர் ஒயரை எதுக்குப் பிடுங்கினே?

புதுசு: சத்தமா இருந்துச்சு.

ட்ரெய்னர்: இருந்தா குறைக்கச் சொல்லணும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ஒயரைப் பிடுங்கி எறிவாங்களா?

புதுசு: எறியலை. மேசை மேலதான் வெச்சேன்.

ட்ரெய்னர்: வாயைப் பாரு! காலையில 'உன்னைப் பத்திச் சொல்லு'ன்னா ஒரு வார்த்தை வரலை. இப்ப மட்டும்...

புதுசு: பந்தைத் தூக்கிப் போட்டு, பிடிக்கிறவங்க பேசணும்னீங்க. எனக்குப் பிடிக்க வராது.

ட்ரெய்னர்: ஆனா எல்லாரும் சிரிச்சாங்கல்ல? கலகலப்பா இருந்துச்சுல்ல? எனக்கு முன்னாடி இருந்தவர் நாள் பூரா ஸ்லைடு ஓட்டுவார். பாதிப் பேர் தூங்கிருவாங்க, மீதிப் பேர் மறுநாள் வரவே மாட்டாங்க. நான் வந்தப்புறம்தான் இங்க ஆள் நிக்குது.

புதுசு: ஆமா, நல்லாத்தான் சிரிச்சாங்க. பார்த்தேன்.

ட்ரெய்னர்: என்ன, குத்தலா? இங்க பாரு, விஷயம் மேனேஜர் வரைக்கும் போயிருச்சு. டீ பிரேக் முடிஞ்சதும் எல்லார் முன்னாடியும் சாரி சொன்னா இங்க இருப்பே. இல்லேன்னா சாயங்காலம் பேட்ஜைக் கழட்டி வாங்கிருவாங்க. அப்புறம் என் கையில ஒண்ணும் இல்லை.

புதுசு: எங்க வீட்டுல காலேஜ் போன முதல் ஆளு நான். கழுத்துல பேட்ஜ் மாட்டினதும் நான்தான். கிளம்பும்போது அம்மா அதை எத்தனை தடவை நேரா இழுத்துவிட்டாங்க தெரியுமா?

ட்ரெய்னர்: அப்ப ஒரு சாரி சொல்லிட்டுப் போயேன். வாய் வலிக்குமா?

புதுசு: எதுக்குன்னு சொல்லுங்க. சொல்றேன்.

ட்ரெய்னர்: என் பாடத்தைக் கெடுத்ததுக்கு! நான் போட்ட அந்தக் கஸ்டமர் கால் ரெக்கார்டிங்தான் என் கிளாஸுக்கே உயிரு. அந்த ஆளு கத்துவார், நான் நடுவுல நிறுத்துவேன். 'இப்ப நீங்க என்ன சொல்வீங்க?'ன்னு ஒவ்வொருத்தரா கேட்பேன். அதுக்காகவே நம்ம பக்கம் பேசின குரலை எடுத்துட்டு, அவர் கத்துறதை மட்டும் வெச்சிருக்கேன். கோபக்காரக் கஸ்டமரைச் சமாளிக்கக் கத்துக்கணும்னா இதைவிட...

புதுசு: அவர் கோபக்காரர்னு யார் சொன்னாங்க?

ட்ரெய்னர்: உனக்கென்ன காது கேட்கலையா? ஸ்பீக்கரே கிழியற மாதிரி கத்துறார்!

புதுசு: குடிக்கத் தண்ணி கேட்டாலும் அப்படித்தான் கேட்பார்.

ட்ரெய்னர்: ...யாரு?

புதுசு: கல் உடைக்கிற மெஷின் பக்கத்துலயே நின்னு நின்னு காது போயிருச்சு. தான் பேசறது தனக்கே சரியா கேட்காது. அவர் என்னை 'சாப்பிட்டியாம்மா'ன்னு கேட்டா, எதிர் வீட்டு அத்தை 'ஆச்சு'ம்பாங்க.

ட்ரெய்னர்: உங்க... அப்பாவா?

புதுசு: என் பக்கத்து சீட்டுக்காரன் அவர் மாதிரியே கத்திக் காட்டினான். நீங்க கைதட்டினீங்க. சாக்லேட் வேற கொடுத்தீங்க.

ட்ரெய்னர்: எனக்கு எப்படிம்மா தெரியும்? பேரு, நம்பரு எல்லாத்தையும் எடுத்துட்டுத்தானே...

புதுசு: குரலை எங்க கொண்டுபோய் ஒளிப்பீங்க?

ட்ரெய்னர்: உட்காரு... நீ முதல்ல உட்காரு.

புதுசு: பரவால்ல. அன்னிக்கு நம்ம கம்பெனி ஃபிரிட்ஜ் நின்னுபோச்சு. அம்மாவோட இன்சுலின் உள்ள இருந்துச்சு. 'நான் பேசறேன்பா'ன்னேன், அப்பா ஃபோனைக் கொடுக்கலை. 'நான் வாங்கினது, நான் கேட்கிறேன்'னுட்டார்.

ட்ரெய்னர்: மருந்துன்னு அதுல அவர் சொல்லவே இல்லையே...

புதுசு: கடைசியில சொன்னார். நீங்க போட்டதுல அது இல்லை.

ட்ரெய்னர்: அது... நீளமா இருந்துச்சு. கிளாஸுக்காகக் கொஞ்சம் வெட்டினேன்.

புதுசு: எதை வெட்டினீங்க, ஞாபகம் இருக்கா? நான் அப்பா பக்கத்துலதான் நின்னேன், ஃபோன் ஸ்பீக்கர்ல இருந்துச்சு. 'மருந்து கெட்டுரும்மா, ஆளை அனுப்பு. இவ்வளவு பொறுமையா பேசறியே, நீ நல்லா இருக்கணும்'னார். அதே தொண்டையிலதான்.

ட்ரெய்னர்: அதையும் வெச்சா... அவரைக் கோபக்காரர்னு யாரும் நம்ப மாட்டாங்க. பாடமே நிக்காது.

புதுசு: மறுநாள் வேலைக்குப் போகாம வாசல்லயே உட்கார்ந்திருந்தார். மெக்கானிக் வரவே இல்லை.

ட்ரெய்னர்: வந்திருக்க மாட்டாங்க. சிஸ்டத்துல 'மரியாதைக் குறைவு'ன்னு ஒரு பட்டன் இருக்கு. அதை அமுக்கிட்டா புகார் பதிவாகாது.

புதுசு: அதையும் எங்களுக்குச் சொல்லித் தருவீங்களா?

ட்ரெய்னர்: ...மதியம் பாடமே அதுதான்.

புதுசு: நல்லது.

ட்ரெய்னர்: இந்தா பாரு, ரெக்கார்டிங்கை அழிச்சிடறேன். நீ சாரியும் சொல்ல வேணாம். ஒயர் லூஸா இருந்துச்சுன்னு மேனேஜர்கிட்ட சொல்லிக்கிறேன். போதுமா?

புதுசு: அழிக்காதீங்க. மதியம் முழுசாப் போடுங்க. வெட்டினதையும் சேர்த்து.

ட்ரெய்னர்: முழுசாப் போட்டா... இந்தப் பக்கத்துக் குரலும் வரும்.

புதுசு: வரட்டும்.

ட்ரெய்னர்: உனக்குப் புரியலை. கோபக்காரரைச் சமாளிச்ச சிறந்த கால்னு போன வருஷம் பரிசு வாங்கினதே அதுதான். பேசினவங்களுக்குப் பதவி உயர்வு கூட... இப்ப எல்லாரும் அதைக் கேட்டா...

புதுசு: முழுசாப் போடறதா இருந்தா உள்ள வர்றேன். இல்லேன்னா பேட்ஜை இப்பவே வாங்கிக்கங்க.

ட்ரெய்னர்: அவசரப்படாதே... கழட்டாதேங்கிறேன்ல! சரி, போடறேன். முழுசாவே போடறேன். எனக்கு ஒண்ணுதான் புரியலை. இவ்வளவு தெரிஞ்சும் இந்தக் கம்பெனிக்கே எதுக்கு வேலைக்கு வந்தே?

புதுசு: ஃபோனை வெச்சதும், அந்தப் பொண்ணு என்ன சொல்லுச்சுன்னு அப்பா என்னைக் கேட்டார். 'மரியாதையாப் பேசத் தெரியாதவங்களுக்கு உதவ முடியாது'ன்னு நீங்க சொன்னதை அவர் காதுல கத்திச் சொல்ல எனக்கு வாய் வரலை மேடம். 'உங்களை மாதிரி நல்ல மனுஷரைப் பார்த்ததே இல்லையாம், நாளைக்கே ஆள் அனுப்பறாங்களாம்'னு சொல்லிட்டேன். மெக்கானிக் வராதப்பவும் அவர் அந்தப் பொண்ணைக் குறை சொல்லலை; வேலை செஞ்சா அந்தப் பொண்ணு இருக்கிற இடத்துலதான் செய்யணும்னு அவர்தான் என்னை அனுப்பி வெச்சார்.