பின்பக்கத்துல ஆறு நோட்டு

ஹலோ... ஹலோ மச்சான், நான்தான்... கேக்குதா?... சத்தமாப் பேச முடியாதுப்பா, மாடிப்படியில நிக்குறேன். நம்ம ஜெராக்ஸ் கடைக்கு மேல... ஆமா, ஆமா, அந்தப் படிதான். நீ ஆபீஸ்லதானே இருக்கே?... நல்லதாப் போச்சு. கம்ப்யூட்டரைத் திற.

உங்கக்காவோட நோட்டு... அதான்ப்பா, உன் கம்பெனியில இருந்து நீ கொண்டாந்து குடுத்தியே, கிரிப்டோ நோட்டு, ஆறு... அந்த ஆறுலயும் பணம் அப்படியே இருக்கான்னு பாரு... ஏன்னு அப்புறம் கேளு. முதல்ல பாரேன்!

...இருக்கா? ஆறுலயுமா?... அப்பாடா... இல்ல, மூடாதே! மூடிடாதே மச்சான். அப்படியே பாத்துக்கிட்டே இரு. நான் சொல்றேன். நீ கத்தக்கூடாது. கத்தமாட்டேன்னு முதல்ல சொல்லு... சொல்லு... சரி.

நோட்டுக்குப் பின்னாடி ஸ்டிக்கர் ஒட்டியிருக்குல்ல. அதுக்குள்ள ஒரு கட்டம். போன் கேமராவைக் காட்டினா 'பணத்தை எடுத்துக்கலாமா'ன்னு கேக்குமே, அந்தக் கட்டம்... அதை நான் காப்பி எடுத்துட்டேன்.

...கத்தமாட்டேன்னு சொன்னியே!

...ஆமா, ஆமா, ஸ்டிக்கர் பிரிஞ்சா அந்த நோட்டை எவனும் வாங்கமாட்டான், பிரிக்கக்கூடாதுன்னு சொன்னே. சொன்னே, சொன்னே, நான் இல்லேங்கலை. ஆனா நான் கிழிக்கலையே! ஹேர் டிரையர் காத்து காட்டினா எந்த ஸ்டிக்கரும் சமத்தாக் கழண்டு வரும்ப்பா. திருப்பி ஒட்டினேன் பாரு, நீ பூதக்கண்ணாடி வச்சுப் பாத்தாலும் தெரியாது... பெருமை பேசலை மச்சான், நடந்ததைச் சொல்றேன்.

...எதுக்கா? எந்தப் பேப்பர் கைக்கு வந்தாலும் ஒரு காப்பி எடுத்து வச்சாத்தான் எனக்குத் தூக்கம் வரும். தொழில் அப்படி. உங்கப்பா வீட்டுல அவளுக்கு வந்த பங்கு மொத்தமும் ஆறு துண்டுக் காகிதத்துல இருக்கு. தண்ணி பட்டா? எலி கடிச்சா? யோசிச்சேன், எடுத்தேன். நேத்து சாயங்காலம், அவ கடைக்குப் பின்னாடி நம்ம வீட்டுல குளிக்கப் போனப்ப... தெரியாது. அவளுக்கு ஒண்ணும் தெரியாது.

இரு, முழுசாக் கேளு. ஆறையும் மெஷின் கண்ணாடி மேல வரிசையா வச்சேன். முதல் காப்பி கோணலா விழுந்துச்சு. ரெண்டாவது நேரா வந்துச்சு. நேரா வந்ததை மடிச்சு நோட்டோடவே அவ கைப்பையில வச்சுட்டேன். அந்தக் கோணல் காப்பியை...

...ரஃப் கட்டுல போட்டுட்டேன்.

...ரஃப் கட்டுன்னா, ஒரு பக்கம் வீணாப்போன பேப்பரெல்லாம் சேத்து வைப்போம்ல, பின்பக்கம் காலியா இருக்குமே, அது. கெட்டுப்போன காப்பின்னா என் கை தானா அங்கதான் போகும். மூளைகிட்ட கேக்காது... ஆமா. கிழிச்சுப் போட்டிருக்கலாம். வாயில போட்டு மென்னிருக்கலாம். இப்பச் சொல்லு நீ.

காலையில மாடியில இருக்கிற ஏஜென்சி மேடம் வந்தாங்க... வேலைக்கு ஆள் எடுப்பாங்களே, செக்யூரிட்டி, பில் போடுற வேலை, அதுக்கெல்லாம். இன்னிக்கு எழுத்துப் பரீட்சையாம். கேள்வித்தாள் அடிக்கணும்னாங்க. மகா கஞ்சம் மச்சான் அந்தம்மா. புதுப் பேப்பர் எதுக்கு, ஒரு பக்கம் அடிச்ச பேப்பர்லயே போடுங்கன்னாங்க. நானும் மகராசனா அந்தக் கட்டைத் தூக்கி மெஷின்ல வச்சேன். அவங்க வாங்கிட்டுப் போய் மேல கதவைச் சாத்தினப்புறம்தான் எனக்குப் பொறி தட்டுச்சு. கீழ குப்பையைக் கொட்டிப் பாத்தேன். மெஷினுக்கு அடியில படுத்துப் பாத்தேன். இல்ல. உள்ளதான் இருக்கு. யாரோ ஒருத்தர் கேள்வித்தாளுக்குப் பின்பக்கம் உங்கக்காவோட ஆறு நோட்டும் இருக்கு.

...ம்... ம்... எனக்கே தெரியுது மச்சான், நீயும் சேந்து பயமுறுத்தாதே.

...நீ நிறுத்தி வையேன்! உன் கம்பெனி நோட்டுதானே?... முடியாதா? ஒரு நாளைக்குக்கூடவா?... யாரு கட்டத்தைக் காட்டுறாங்களோ அவங்களுக்கா? அது திருடனா இருந்தாலுமா?... ஆமா, சொன்னே. நடுவுல எவன் அனுமதியும் வேண்டாம், அதான் இதோட அழகுன்னு காலரைத் தூக்கிவிட்டுக்கிட்டுச் சொன்னே. இப்ப அந்த அழகை வச்சு நான் என்ன பண்றது?

...இல்ல, சண்டை போடலை. நான் உன்கூட ஏன் சண்டை போடுறேன்? சோதனைக்குன்னு நீ குடுத்த அந்தச் சின்ன நோட்டை மெஷினுக்கு மைத்தூள் விக்கிற டோனர்க்காரர்கிட்ட நீட்டினப்ப நான்தானே குதிச்சேன். ஸ்டிக்கரைப் பிரிக்காமலே அவர் போனை மேல வச்சதும், பணம் இருக்குன்னு டிங்னு ஒரு சத்தம், உடனே டோனரை எடுத்து மேஜை மேல வச்சார். எனக்கு ஒரே குஷி. பங்கை வாங்கின ஆளு வெளிநாட்டுல இருந்து கிரிப்டோவாத்தான் தருவேன்னதும், போன்ல வெறும் நம்பராக் காட்டாதீங்க, கையில தொட்டுப் பாத்தாத்தான் என் பணம்னு உங்கக்கா சொன்னா. இந்த நோட்டு இருக்கேன்னு நான்தான் சொன்னேன். எல்லாம் நான்தான்.

...தட்டிப் பாத்தேன்ப்பா! தட்டாம இருப்பேனா? மேடம் கதவை இவ்வளவு திறந்து, என்னன்னாங்க. என்னன்னு சொல்றது? உள்ள ஒரு பேப்பருக்குப் பின்னாடி பணம் இருக்குன்னு சொன்னா, அத்தனை பேரும் பேப்பரைத் திருப்பமாட்டானா? ஒரு கேள்வி தப்பா அச்சாயிருக்கு, எல்லாத்தையும் வாங்கிக் குடுங்கன்னேன். அங்கேயே நின்னு முழுசும் படிச்சுப் பாத்துட்டாங்க. தப்பே இல்லையே, போய்க் கடையைப் பாருங்கன்னு கதவைச் சாத்திட்டாங்க. நான் அடிச்ச பேப்பர்ல தப்பு இருக்காதே, என் தலையெழுத்து!

...ஒரே ஒரு நிம்மதிதான். போனையெல்லாம் வாங்கி ஒரு பிளாஸ்டிக் கூடையில போட்டு வெளியில வச்சிருக்காங்க. என் காலுக்குக் கீழதான் இருக்கு கூடை. பரீட்சை முடியிற வரைக்கும் எவன் கையிலயும் கேமரா இல்ல... மச்சான், இந்தக் கூடையைத் தூக்கிட்டு ஓடிடவா?... சும்மா கேட்டேன். இல்ல, சும்மா கேக்கலை. தூக்கிட்டு ஓடிடவா?... சரி, சரி, தொடலை.

...என்ன வழி? சொல்லு, சொல்லு... ம்... நோட்டைப் பிரிச்சு... கட்டத்தைப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பணும்... நீ உடனே வேற இடத்துக்கு மாத்திடுவே... அப்புறம் அந்தக் காப்பி எவன் கையில இருந்தாலும் வெறும் காகிதம். இவ்வளவுதானா? அட, இதை முதல்லயே சொல்லக்கூடாதா! நான் இப்பவே...

...நோட்டு அவகிட்ட இருக்கே. நேரா வந்த காப்பியும் அவ பையிலதான்.

வேண்டாம். வேண்டாம் மச்சான், அவகிட்ட சொல்லாதே. உன் காலைத் தொட்டுக் கேட்டுக்குறேன்... அவ இப்ப எங்க இருக்கான்னு தெரியுமா உனக்கு? கட்டட ஓனர் வீட்டுல. சொந்தமா பேக்கரி வைக்கப்போற கடைக்கு அந்த நோட்டையே அட்வான்ஸாக் குடுக்கப் போயிருக்கா. ஸ்டிக்கர் பிரிஞ்ச நோட்டை அந்த மனுஷன் கையால தொடமாட்டார். வேற ஆளுக்குக் குடுத்துடுவார். இத்தனை வருஷமா எவன் பேக்கரியிலயோ மாவு பிசைஞ்சவ மச்சான் அவ. அடுப்பு எங்க வரணும்னு அந்தக் காலிக் கடைச் சுவர்ல சாக்பீஸால கோடு போட்டுட்டு வந்திருக்கா. பாக்கிறவங்களையெல்லாம் கூட்டிட்டுப் போய் அந்தக் கோட்டைக் காட்டுறா. இப்பப் போய் நான் என்னன்னு சொல்றது?

...கேக்குறேன்... ஆமா, எனக்குப் புரியுது... ஆமாங்கிறேன்ல! ஆனா இதைக் கேளு. பரீட்சை முடிஞ்சு ஒவ்வொருத்தராத்தானே வெளியில வருவாங்க? படி குறுகல். நான் வழியில நின்னு ஒவ்வொரு பேப்பரா வாங்கித் திருப்பிப் பாத்துட்டு விடுறேன். கிடைச்சதும் கிழிச்சுடுறேன். முடிஞ்சுது கதை. அவளுக்குத் தெரியவே வேண்டாம்.

...இரு. இன்னொரு லைன் வருது... உங்கக்கா. மச்சான், உங்கக்கா கூப்பிடுறா! எடுக்கமாட்டேன். என் குரலைக் கேட்டாலே கண்டுபிடிச்சுடுவா... அடிக்கட்டும்... அடிக்கட்டும்... நின்னுடுச்சு. எதுக்குக் கூப்பிட்டாளோ. ஓனர் இன்னும் வரலையோ என்னவோ. ஆறும் இருக்கா? பாத்தியா?... இருக்குல்ல. அப்புறம் ஏன் அவசரப்படுறே?

...நீ அப்படிப் பேசாதேப்பா. கோழைன்னு சொல்லு, பரவாயில்ல. நீ அவ தம்பி, உனக்கு அவ திட்டுறது பழகிப்போச்சு. என்னை அவ திட்டினதே இல்ல. அதனாலதான் பயமா இருக்கு.

...மணி அடிக்குது. உள்ள மணி அடிச்சுட்டாங்க. நாற்காலி இழுக்கிற சத்தம் கேக்குது. லைன்லயே இரு, வச்சுடாதே.

கதவு திறந்துடுச்சு... சார், ஒரு நிமிஷம். அந்தக் கேள்வித்தாளைக் குடுங்க... பின்பக்கம் பாக்கணும், அவ்வளவுதான்... இல்ல, நான் கீழ ஜெராக்ஸ் கடை... இது இல்ல. தேங்க்ஸ்... தம்பி, உங்களோடது... இதுவும் இல்ல... அம்மா, ஒரு நிமிஷம், கைப்பையில வச்சதை எடுங்களேன்... தப்பா எதுவும் இல்லம்மா... ஐயோ, தள்ளாதீங்க! எல்லாரும் ஒண்ணா வர்றாங்க மச்சான், கூடையில கையை விட்டு... சார்! சார், நில்லுங்க!... அந்தப் பக்கமா ரெண்டு பேர் இறங்கிட்டாங்க... மேடம், சொல்லுங்க இவங்களை! யாருமே நிக்கமாட்டேங்குறாங்க... பைத்தியம்னா பைத்தியம்னு வச்சுக்கோங்க, பேப்பரைக் காட்டிட்டுப் போங்க!

...என்ன? என்ன சொன்னே?

...ஒண்ணு காலியா? எப்படி, இப்பவா? நீ சரியாப் பாத்தியா?... யாரு? யாருன்னு காட்டாதா?

...வர்றேன், இறங்குறேன்... விழலை, கால் தடுக்குச்சு... இந்தாளு படியில உக்காந்து பேப்பர் மேல போனை வச்சுக்கிட்டு... ஏய், எடுய்யா கையை! குடுய்யா அதை!... வீட்டுக்குப் பேசுறாராம். பேப்பர்ல ஒண்ணும் இல்ல. மன்னிச்சுக்கோங்க சார். மன்னிச்சுக்கோங்க.

...ரெண்டாவதா? ஐயோ, ஒவ்வொண்ணா எடுக்குறான் மச்சான், ஒவ்வொரு கட்டமா உக்காந்து எடுக்குறான்! தெருவுல நிக்குறேன். இந்தப் பக்கம் நாலு பேர் போறாங்க, எதிர்ல ஒரு கும்பல் பஸ் ஏறுது, அத்தனை பேர் கையிலயும் பேப்பர், அத்தனை பேர் கையிலயும் போன். நான் யார் பின்னாடி ஓடுறது?

...மூணு... ஆமா, கேட்டேன், மூணு...

கூப்பிடு. கூப்பிடு அவளை! லைன்ல சேத்துக்கோ. நீயே சொல்லு... சீக்கிரம்... நாலா? நாலாவதும் போயிடுச்சா?... மணி அடிக்குதா? எடுத்துட்டாளா?

...ம்... ம்... நீ சொல்லு மச்சான். எல்லாத்தையும் சொல்லு. நான் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்.

...என்ன, போட்டோ வந்துடுச்சா? அதுக்குள்ளயா?... ஏன் எதுக்குன்னுகூடக் கேக்கலையா?... நகத்தால கிழிச்சு... மாத்திட்டியா?... ரெண்டும் உன்கிட்ட வந்துடுச்சா? நிச்சயமா?... ரெண்டு தப்பிச்சுது.

இவ்வளவுதானா வேலை? ஒரு நிமிஷம்கூட ஆகலையே.

...ஆங்... ஆமா, நான்தான்... கேக்குதும்மா, நல்லாவே கேக்குது. நீ எங்க இருக்கே?... அவர் முன்னாடியேவா பிரிச்சே?... என்ன சொன்னார்?... ம்... கடையை யாருக்குக் குடுத்துட்டார், செருப்புக் கடைக்காரருக்கா... இப்பவேவா... ம்.

...என்ன கேட்டே?... எப்பத் தெரியும்னா... இப்பத்தான்ம்மா, கொஞ்சம் முன்னாடி... மச்சான், நீ குறுக்க பேசாதே. நானே சொல்றேன்.

...இப்ப இல்ல. பரீட்சை ஆரம்பிச்சப்பவே தெரியும்... ஆமா. கதவு சாத்தியிருந்துச்சு. போனெல்லாம் கூடையில இருந்துச்சு... ஆமா, அப்ப ஆறும் இருந்துச்சு... நீ கூப்பிட்டப்பவும் இருந்துச்சு.

...எடுக்கலை. பாத்தேன், எடுக்கலை... பயந்துட்டேன்... பணம் போயிடும்னு இல்ல. நீ என்ன நினைப்பியோன்னு.

...ஏதாவது சொல்லேன்... திட்டு. நல்லாத் திட்டு. தம்பி கேக்குறானேன்னு பாக்காதே... ஹலோ... ஏம்மா... இருக்கியா?

...மச்சான், அவ லைன்ல இருக்காளா?... எப்ப வச்சா?... ஒண்ணுமே சொல்லலையா?... நீயாவது பேசேன்... ஹலோ... மச்சான்?... ஹலோ...