தெரியவில்லை என்று எழுதிய சுப்பையன்

மேடையில் அமர்ந்திருக்கும் சங்கத் தலைவர் மயில்சாமி ஐயா அவர்களே, இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும் சுப்பையன் ஐயாவின் மனைவி கமலாம்பாள் அம்மா அவர்களே, பனியன் கம்பெனித் தோழர்களே, வணக்கம். நான் செக்கிங் பிரிவு முத்துப்பேச்சி. பேசிப் பழக்கமில்லை. எழுதி வந்ததைப் படிக்கிறேன்.

கட்டிங் மாஸ்டர் சுப்பையன் ஐயாவை எல்லோரும் புகழ்ந்தீர்கள். பதினோரு வருடம், ஷிப்டுக்கு முன்னால் வந்து, சங்க வாசல் கரும்பலகையில் அன்றைய செய்தியை எழுதியவர்! அவரை யார் புகழமாட்டார்கள்? ஆனால் போன ஆவணியில் அவரை என்ன சொன்னோம்?

அப்போது கச்சத்தீவுப் பக்கம் நான்கு மீனவர்களை இலங்கைக் கடற்படை பிடித்தது. ஒருவர் என் அண்ணன் சோணைமுத்து. நம் ஊர்ப் பத்திரிகை, “நம் கடலில் புகுந்து அட்டூழியம்” என்றது. இலங்கை வானொலி, “எல்லை மீறி ஊடுருவல்” என்றது. ஐயா இரண்டையும் எழுதினார். கீழே, “படகில் இருந்தவர்களை இருவருமே கேட்கவில்லை. எங்கே பிடித்தார்கள் என்று தெரியவில்லை” என்று எழுதினார்.

எவ்வளவு கோபம் நமக்கு!

“ஏனுங்க மாஸ்டர், சம்பளம் திருப்பூர்ல, செய்தி கொழும்புலீங்களா?”

“தெரியாததை எழுதறதுக்கு ஒரு பலகையாக்கும்!”

மறுநாள் பலகையில் சாணி அடித்திருந்தது. அவரே கழுவினார். அவரோடு டீ குடிக்கவும் ஆள் வரவில்லை.

சில நாளில் அண்ணன் விடுதலையாகி, மண்டபம் ஊரிலிருந்து போன் செய்தார். “எல்லைக் கோடு தெரியாம இல்ல தாயி, தெரிஞ்சுதான் அங்கிட்டுப் போனோம். மூணு நாளா இங்கிட்டு வலையில ஒண்ணும் விழல. அங்கிட்டு மீன் புடிக்கிற இலங்கைக்காரரு ஒருத்தரு, நம்ம இழுவை மடி அவுக வலைய அறுத்துருச்சுன்னு அழுதாரு. தமிழ்லதான் அழுதாரு.”

மறுநாள் கம்பெனியில் ஐயா கேட்டார்: “ஏங்கண்ணு, அண்ணன் பேசுனாரா? எங்க வெச்சுப் புடிச்சாங்களாம்?”

“தெரியலங்க ஐயா” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? அண்ணனைத் திட்டுவீர்களே என்ற பயம். என் முகத்தைப் பார்த்தார். “செரி கண்ணு, தெரியலைன்னே இருக்கட்டும்” என்றார். பிறகு ஒரு நாளும் கேட்கவில்லை.

நான்கு மாதம் அவர் தனியாக நின்றார். உண்மை என் வாயில் இருந்தது. போன வியாழன் கட்டிங் டேபிளிலேயே சாய்ந்துவிட்டார். இனி யாரிடம் போய்ச் சொல்வேன்?

உங்களிடம்தான் சொல்ல வேண்டும். அண்ணனிடம் கேட்டுவிட்டேன், பெயரோடு எழுதச் சொன்னார். நாளை காலை பலகையில் நான் எழுதுகிறேன்: “பிடிபட்டது எல்லைக்கு அந்தப் பக்கம். சொன்னவர், படகில் இருந்த சோணைமுத்து.”

கோபம் வந்தால் ஐயாவை எதுவும் சொல்லாதீர்கள். நான் செக்கிங்கில்தான் இருப்பேன். என்னிடம் வந்து கேளுங்கள்.